மாலையை அவதாருக்கு மாட்டுவது எப்படி? – லிங்க், அட்டாச் ஒரு சின்ன விளக்கம்



2022 பிப்ரவரி 6 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. வரவேற்பு மட்டும் மெட்டாவெர்ஸில்! விருந்தினர்கள் அவதாராக வந்தார்கள். மறைந்துபோன மணப்பெண்ணின் அப்பாவையும் அவதாராக உருவாக்கி அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

அப்படி ஒரு இடத்துக்கு நீங்க மாலை செஞ்சு தர்றீங்கன்னு வைங்க. அப்பா திரும்புறார், மாலை மட்டும் அந்தரத்திலேயே நிக்குது. பார்க்கிற குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? அதனால இந்த ரெண்டு வேலையையும் சரியா கத்துக்கணும். 2003 முதல் இயங்கும் செகண்ட் லைஃப் உலகத்தை வைத்தே பார்ப்போம். அங்கே பொருட்களை உள்ளேயே கட்டலாம்.

முதல் வேலை: லிங்க்

ஒவ்வொரு பூவும் தனித்தனி பிரிம், அதாவது அடிப்படை வடிவம். எல்லாத்தையும் செலக்ட் பண்ணி கண்ட்ரோல் + எல் அழுத்தினா ஒரே பொருளாகிடும். ஒரு கட்டுக்கு அதிகபட்சம் 256 பிரிம்.

இங்கே வரிசை ரொம்ப முக்கியம். கடைசியா செலக்ட் பண்ணினதுதான் ரூட். அதன் ஓரம் மஞ்சளாகவும், மற்றவை நீலமாகவும் தெரியும். மாலைக்குப் பின்கழுத்தில் வரும் பூவைக் கடைசியா தொடுங்க. குஞ்சத்தை ரூட் ஆக்கினா, மாட்டும்போது குஞ்சம்தான் கழுத்துக்குப் போகும்!

ரூட் ஏன் முக்கியம்?

கொரட்டூர்ல சென்ட்ரல் போற மின்சார ரயில்ல ஏறி உட்கார்றீங்க. வில்லிவாக்கம், பெரம்பூர்னு வண்டி ஓடுது. ஆனா பெட்டியைப் பொறுத்தவரை நீங்க அதே சீட்டுலதான் இருக்கீங்க. பூக்களும் அப்படித்தான். ஒவ்வொன்றின் இடமும் ரூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்றே கணக்கில் இருக்கும். அந்தத் தூரத்தை ரூட்டின் சுழற்சியால் திருப்பி, ரூட்டின் இடத்தைக் கூட்டினால் உலகத்தில் அந்தப் பூவின் இடம் கிடைக்கும். கணக்கு வகுப்பில் போட்ட மேட்ரிக்ஸ் பெருக்கல் இதுதான்.

ரெண்டாவது வேலை: அட்டாச்

மாலையை ரைட் கிளிக் செய்து, அட்டாச் மெனுவில் கழுத்தையோ மார்பையோ தேர்ந்தெடுங்க. இப்போ ரூட்டுக்கே ஒரு அப்பா வந்தாச்சு: அவதாரின் அந்த எலும்பு. எலும்பு அசைந்தால் ரூட் அசையும், ரூட்டோடு பூக்களும் வரும். மாட்டின பிறகு இடம், கோணத்தைச் சரிசெய்யலாம். ஆனா லிங்க் பண்ணவோ பிரிக்கவோ முடியாது. கட்டுற வேலையை முன்னாடியே முடிச்சிடுங்க.

ஒரு குறையும் உண்டு. மாலை ஒரே எலும்பைத்தான் பின்தொடரும். அவதார் குனிந்தால், மாலை வளையாமல் வயிற்றுக்குள் புகுந்துவிடும். வளையணும்னா பிளெண்டரில் மெஷ்ஷாகச் செய்து, ஒவ்வொரு புள்ளியையும் பல எலும்புகளோடு எடை கொடுத்து இணைக்கணும். செகண்ட் லைஃபில் ஒரு புள்ளிக்கு 4 எலும்பு வரை. பிளெண்டரிலும் பொருட்களைக் கண்ட்ரோல் + பி போட்டு இணைக்கும்போது, கடைசியா செலக்ட் பண்ணினதுதான் பேரண்ட். ஒருமுறை பழகினா ரெண்டு இடத்திலும் கை வரும்.

ஒரு எச்சரிக்கை

ஸ்கிரிப்ட் உள்ள பொருள் தானா வந்து உங்க மேல மாட்டிக்க, பொதுவா உங்க அனுமதி கேட்கும். அதே மாதிரி ஒரு பெட்டியில்தான் உங்க கணக்கிலிருந்து லிண்டன் டாலர் எடுக்கும் அனுமதியையும் கேட்கும். அது நிஜப் பணமா மாத்தக்கூடிய காசு. மாலைக்கு எதுக்கு உங்க பணப்பை? படிக்காம 'யெஸ்' அழுத்தாதீங்க.

இந்த வாரம் பத்து உருண்டைகளை வைத்து ஒரு சின்ன மாலை கட்டிப் பாருங்க. ரூட்டை மாத்தி மாத்தி மாட்டினா வித்தியாசம் உடனே புரியும்.