கடன் வாங்கும் முன் குழியை எண்ணுங்கள்



இந்தப் பகுதியைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். மற்றவர்கள் எழுதும் அனுபவங்களைப் படித்துப் பயன் பெற்றிருக்கிறேனே தவிர, நானாக எதுவும் எழுதியதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு சின்ன மின்சார மெஷினால் கிடைத்த சந்தோஷத்தையும், அதனால் வரவிருந்த சிக்கலையும் சொன்னால் நாலு பேருக்கு உபயோகப்படும் என்று என் மகள் வற்புறுத்தியதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் கோயில் இருக்கிற ஊர் என்றால் பலருக்குத் தெரியும். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் என் மாமியார், மூன்று பேர்தான் இருந்தோம். இரண்டு வருடத்துக்கு முன் மாப்பிள்ளை தவறிப்போக, என் மகள் ஐந்து வயதுப் பையனோடு எங்களிடம் வந்துவிட்டாள். வேளைக்குச் சாப்பிடுவாள், பையனைப் பார்த்துக்கொள்வாள். மற்றபடி ஒரு வார்த்தை பேச மாட்டாள். பெற்றவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மெல்போர்னில் இருக்கும் என் தங்கை லீவுக்கு வந்தாள். வரும்போது 'பை மேக்கர்' என்று ஒரு மெஷினைக் கொண்டு வந்தாள். பை என்றால் தூக்கிப் போகிற பை இல்லை. மைதா மாவு வட்டத்துக்குள் பூரணம் வைத்து, மேலே இன்னொரு வட்டம் மூடி வேக வைக்கும் பலகாரம். நம் ஊர் பேக்கரி பஃப்ஸுக்குப் பெரியம்மா மகள் மாதிரி. ஆஸ்திரேலியாவில் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி வைத்து அதைத்தான் கடைக்குக் கடை விற்பார்களாம்.

மின்சாரத்தில் மூடி அழுத்தி வேக வைக்கும் சாமான்கள் அங்கே வெகு நாளாகவே பிரபலம். 1932-ல் ரேடியோ செய்யத் தொடங்கிய பிரெவில் என்ற கம்பெனி, 1974-ல் சாண்ட்விச் டோஸ்டர் கொண்டு வந்து வீட்டுக்கு வீடு நுழைந்தது. 2018 வாக்கில் கேமார்ட் கடைகளில் குறைந்த விலைக்கு விற்ற நாலு குழி பை மேக்கர் மீது அங்குள்ள பெண்களுக்கு ஒரு பைத்தியமே பிடித்ததாம். பை மட்டுமில்லை, முட்டை, மீந்த சாதம், கப்கேக் என்று எதையெதையோ அதில் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். "நான் அதுல இட்லி மாவு ஊத்தறேன்க்கா" என்றாள் தங்கை.

மெஷினைத் திறந்து பார்த்த என் மாமியார், "அட, இது நம்ம பணியாரக்கல்லுக்கு மூடி போட்ட மாதிரிதானே!" என்று சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தால் நூற்றுக்கு நூறு உண்மை. பணியாரத்தைக் குச்சியால் திருப்பிப் போட வேண்டும். இதில் மேலேயும் கீழேயும் சூடு வருவதால் திருப்ப வேண்டியதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் நான் அதைத் தொடவே பயந்தேன். காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் என் கொழுந்தனார் அமெரிக்காவிலிருந்து கப்கேக் செய்யும் மெஷின் ஒன்று கொண்டு வந்திருந்தார். அவர் ஊருக்குத் திரும்பிய மறுநாள், ஆசையாக எடுத்து, பின்னுக்கு அடாப்டர் மாட்டி சுவிட்சைப் போட்டேன். இரண்டே நிமிடத்தில் கருகல் வாடை, புகை! என் வீட்டுக்காரர் ஓடிப் போய் மெயினை அணைத்தார். மெஷின் பாழ். நல்ல வேளையாகப் பக்கத்தில் குழந்தைகள் யாரும் இல்லை.

தப்பு மெஷினுடையது இல்லை, என்னுடையது. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நமக்கு 230 வோல்ட். வோல்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு ஆகும் என்று எலெக்ட்ரீஷியன் விளக்கினார். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றுமே தவிர, மின்சாரத்தைக் குறைக்காதாம். ஆகவே வெளிநாட்டுச் சாமான் எது வந்தாலும் முதலில் அதைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 220-240 என்று இருந்தால் நம் வீட்டில் ஓடும். 120 மட்டும் போட்டிருந்தால் சொருகாதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் நம்மைப் போலவே 230 வோல்ட்தான். அதனால் தங்கை கொடுத்த மெஷினுக்கு எர்த்தோடு கூடிய மூன்று பின் பிளக் மட்டும் மாற்றினோம். அது 1200 வாட். கிட்டத்தட்ட 5 ஆம்பியர் இழுக்கும். அதனால் கிரைண்டர், மிக்ஸியோடு சேர்த்து எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாமல், தனியாக 16 ஆம்பியர் பிளக் பாயிண்டிலேயே மாட்டுகிறோம்.

முதல் நாள் மாவு பிசைந்தது என் மாமியார். புரோட்டா மாவு போல அடித்துப் பிசைந்தார். வெந்து வந்தது ரப்பர் செருப்பு! பேரன் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆயா, இது பிய்யவே மாட்டேங்குது" என்றான். அப்போதுதான் என் மகள் பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். "நான் பிசைஞ்சு பாக்கறேம்மா" என்று எழுந்து வந்தாள். அன்றிலிருந்து அந்த மெஷின் அவள் கைக்குப் போய்விட்டது.

நாலைந்து முறை கெடுத்து அவள் கண்டுபிடித்த பக்குவம் இது. கால் கிலோ மைதா, அரை ஸ்பூன் உப்பு, ஃபிரிட்ஜில் வைத்த வெண்ணெய் 125 கிராம். வெண்ணெயைத் துண்டு போட்டு, விரல் நுனியால் மட்டும் மாவில் உதிர்த்துவிட வேண்டும். புட்டு மாவு போல வந்ததும் நாலைந்து ஸ்பூன் ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்த்து அமுக்கினால் போதும். சப்பாத்திக்குப் பிசைவது போல் பிசையவே கூடாது. வெண்ணெய் மாவைச் சுற்றி நிற்பதால்தான் பொறுபொறுப்பு வருகிறது; பிசையப் பிசைய மாவில் இழுவை வந்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு வெண்ணெய் உருகிவிடும் என்பதால் விடியற்காலையிலேயே செய்து, அரை மணி ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துத் தேய்க்க வேண்டும். இந்த அளவுக்கு ஆறு பை வரும்.

பூரணம் நம் ஊர்ச் சரக்கு. குச்சிக்கிழங்கை (மரவள்ளி) தோல் உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இது முக்கியம், பச்சைக் கிழங்கில் விஷச் சத்து உண்டு. ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கசப்புக் கிழங்கை வீட்டுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். வெந்த கிழங்கை மசித்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டினால் பூரணம் தயார். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இருக்கவே இருக்கிறது நாமக்கல் முட்டை. எதுவானாலும் ஈரமில்லாமல், நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக வைத்தால் அடி மாவு நமுத்துவிடும். வாய் வரை அடைத்தாலும் பிதுங்கி வழியும்.

பெரிய வட்டம் அடியில், சின்ன வட்டம் மேலே. மூடிய பிறகு ஐந்து நிமிடம் திறந்து பார்க்கக் கூடாது. மொத்தம் பத்து நிமிடத்தில் சிவந்துவிடும். மரக்கரண்டியால் எடுங்கள், எவர்சில்வர் கரண்டி பட்டால் ஒட்டாத பூச்சு போய்விடும். மெஷினைத் தண்ணீரில் முக்கிக் கழுவாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போது ஈரத்துணியால் துடைத்தால் போதும். பையனுக்குக் கப்கேக் கேட்டால், ஏலக்காய் போட்ட கேக் மாவைக் குழியில் முக்கால் பாகம் ஊற்றுகிறாள். ஏழெட்டு நிமிடத்தில் உப்பி வந்துவிடும்.

அக்கம்பக்கத்தில் கொடுத்தோம். ருசி பிடித்துப் போய், ஒரு பள்ளிக்கூட கேண்டீன் எடுத்து நடத்துபவர் வீடு தேடி வந்து, "தினம் நூறு கொடுங்க, பீஸுக்கு 22 ரூபாய் தர்றேன்" என்றார். என் மகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! இன்னும் இரண்டு மெஷின், பெரிய ஃபிரிட்ஜ் வாங்க 40,000 ரூபாய் தேவைப்பட்டது. 1989-ல் தர்மபுரியில் தொடங்கி, பிறகு நம் மாவட்டத்துக்கும் வந்த மகளிர் சுயஉதவிக் குழுக்களால் எத்தனையோ குடும்பங்கள் தலை நிமிர்ந்திருக்கின்றன. எங்கள் தெருக் குழுவில் நானும் உறுப்பினர். என் பெயரில் கடன் கேட்டு எழுதிக் கொடுக்க நாளும் குறித்துவிட்டோம்.

முதல் நாள் ராத்திரி, என் மாமியார் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு குழியை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏங் கண்ணு, மூணு மிசின் வாங்கினா எத்தன குழி?"

"பன்னெண்டு, ஆயா."

"நூறு சுட எத்தன ஈடு?"

"ஒம்பது."

"பணியாரம்னா மாவ ஊத்திட்டுப் போயிரலாம். இதுக்கு அடிக்கொரு வட்டம், மேலுக்கொரு வட்டம். நூறுக்கு எரநூறு வட்டம் யாரு தேய்க்கறது?"

என் மகள் பதில் சொல்லவில்லை. நோட்டை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு ஈடுக்கு, நிரப்ப எடுக்கச் சேர்த்து, கால் மணி. வேக வைக்க மட்டுமே இரண்டேகால் மணி நேரம். தேய்த்து நறுக்க அதற்கு மேல். காலை எட்டரைக்குக் கொடுக்க வேண்டுமானால் இரண்டு மணிக்கே எழ வேண்டும். மூன்று மெஷினும் சேர்ந்து 3600 வாட். எங்கள் வீட்டுப் பழைய ஒயரிங் தாங்காது, அதற்குத் தனிச் செலவு. கரண்ட் தினம் எட்டு யூனிட் வரை ஓடலாம். வெண்ணெய் விற்கிற விலையில் ஒரு பையின் அடக்கமே 18 ரூபாய். மிச்சம் 4 ரூபாய். கரண்டும் கூலியும் அதில்தான் கழிய வேண்டும்.

கடைசியாக என் மாமியார் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "பள்ளிக்கூடம் ரெண்டு மாசம் லீவு உட்டுருவாங்க. தவணைக்கு லீவு உடுவாங்களா?"

அன்று ராத்திரி என் மகள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். கை கொடுக்க வேண்டிய நேரத்தில் தடுத்துவிட்டோமோ என்று எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் விடிந்ததும் அவளே வந்து, "அம்மா, ஆயா சொன்னது சரிதான். கேண்டீன் வேண்டாம். ஆர்டர் மட்டும் எடுக்கறேன்" என்றாள்.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. அதே ஒரு மெஷின். பிறந்த நாள், வளைகாப்பு என்று முப்பது, நாற்பதுக்கு ஆர்டர் வரும். முதல் நாளே வட்டம் நறுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறாள். பீஸ் 35 ரூபாய். வீட்டில் செய்து விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும் என்பதால் அதையும் முறையாகச் செய்துவிட்டோம். செலவு போக மாதம் 1,500 ரூபாய் நிற்கிறது. பெரிய பணமில்லைதான். ஆனால் பையனின் பள்ளி வேன் கட்டணத்தைத் தன் கையால் எண்ணிக் கொடுக்கிறாள். கடன் என்று ஒரு ரூபாய் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒரே தட்டில் நாற்பது வேகும் பேக்கரி அடுப்பு வாங்க வேண்டும் என்பது இப்போது அவள் ஆசை.

மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு, மாலை டிபனுக்கு, அவசரத்துக்கு அது அருமையான சாமான். ஆனால் வீட்டுக்கு என்று செய்த மெஷினை நம்பி வியாபாரக் கடன் வாங்கும் முன், அதன் குழியையும், தேய்க்கும் கையையும், தவணை மாதத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் கணக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தால் அவரை விட்டே எண்ணச் சொல்லுங்கள்.

— ஒரு வாசகி,
அயோத்தியாப்பட்டணம், சேலம் மாவட்டம்.