மருத்துவருக்கு ஒரு மணி நேரம்

மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்தக் கணத்தில் மனத்தில் நடப்பதைத் தீர்ப்பின்றிக் கவனிக்கும் பயிற்சி, மருத்துவர்களின் மனம் ஓய்ந்துபோகாமல் காக்குமா? இந்தக் கேள்விக்குக் கிடைத்த முக்கியமான விடைகளில் ஒன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ராச்செஸ்டர் நகரிலிருந்து வந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிராஸ்னர், ரொனால்டு எப்ஸ்டீன் குழுவினர் 70 பொதுநல மருத்துவர்களுக்கு எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு பத்து மாதம், மாதம் ஒருமுறை கூடினார்கள். மூச்சைக் கவனிப்பது அதில் ஒரு பகுதிதான். தங்களை உலுக்கிய அனுபவங்களை எழுதி, சக மருத்துவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். கேட்பவர் தீர்ப்பு சொல்லாமல் கேட்கவேண்டும். 2009-இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களுடைய சோர்வு குறைந்தது, நோயாளிகளிடம் பரிவு கூடியது. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்தும் அந்த மாற்றம் நிலைத்தது.

இப்படி மனம் ஓய்ந்துபோவதைத்தான் பர்ன் அவுட் என்கிறார்கள். அது வெறும் களைப்பு அல்ல; களைப்பு தூங்கினால் போய்விடும். இதில் நோயாளி மெல்ல மெல்ல மனிதராகத் தெரியாமல் ‘ஏழாம் நம்பர் பெட்’ ஆகிவிடுகிறார். தாங்க முடியாததிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மனம் போடும் திரை அது. பயிற்சி உதவுவது இங்கேதான்: அடுத்த அறைக் கதவின் பிடியில் கை வைத்தபடி ஒரு மூச்சு நேரம் நின்று, முந்தைய நோயாளி மூட்டிய எரிச்சல் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் மருத்துவர், அதை அடுத்தவர் மேல் கொட்டமாட்டார். ராச்செஸ்டரில் பயிற்சி பெற்றவர்களிடம் பின்னர் பேசியபோது இன்னொன்றும் தெரிந்தது: சக மருத்துவர்களிடம் மனம்விட்டுப் பேசியதில் அவர்களுடைய தனிமை குறைந்திருந்தது. என்னைக் கேட்டால், மூச்சுப் பயிற்சிக்குச் சற்றும் குறையாத மருந்து அதுதான்.

அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை என்பது நியாயமான ஆட்சேபம். அதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஓயாத வேலையையும் முடிவில்லாத கணினிப் பதிவுகளையும் சுமத்திவிட்டு, ‘தியானம் செய்து தாங்கிக்கொள்ளுங்கள்’ என்றால், நிர்வாகத்தின் குறை மருத்துவரின் குறையாகிவிடாதா? ஆகும். 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மனவுறுதி அளவுகோலில் முழு மதிப்பெண் பெற்ற மருத்துவர்களிலேயே 29 சதவீதம் பேருக்கு பர்ன் அவுட் இருந்தது. உறுதி போதாமல் அவர்கள் ஓய்ந்துபோகவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டின் அலசலும், தனிமனிதருக்குத் தரும் பயிற்சியைவிட வேலை முறையை மாற்றுவதே கூடுதல் பலன் தருகிறது என்றது.

இதனால் பயிற்சி வீண் என்றாகிவிடாது. யாருடைய நேரத்தில் அதை நடத்துவது என்பதே கேள்வி. மின்னசோட்டா மாநிலத்திலும் ராச்செஸ்டர் என்றொரு நகரம் இருக்கிறது. அங்குள்ள மேயோ கிளினிக், 74 மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வுக்காக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சம்பளத்தோடு ஒரு மணி நேரம் ஒதுக்கியது. ஒரு பிரிவினர் ஒன்பது மாதம் சிறு குழுவாகக் கூடி மைண்ட்ஃபுல்னஸ் பழகினார்கள், பேசினார்கள். 2014-இல் வெளியான முடிவில் மன அழுத்தமோ மனச்சோர்வு நோயின் அறிகுறிகளோ குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் வேலையில் ஈடுபாடு கூடியது, நோயாளிகளிடமிருந்து விலகிப்போகும் போக்கு குறைந்தது. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் இருந்தது. பயிற்சி வகுப்பை அறிவிக்கும் எந்த மருத்துவமனையும் அந்த மணி நேரத்தை டியூட்டிக்குள் வைக்கவேண்டும்; அப்போது வார்டைப் பார்த்துக்கொள்ள வேறொரு மருத்துவரை அமர்த்தவும் வேண்டும்.