காலந்தாழ்ந்த ராகிக்கு முருங்கை இலைச்சாறு

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி வட்டாரங்களில் மானாவாரி ராகி முக்கியமான பயிர். மழை பிந்தும் ஆண்டுகளில், ஆடியில் விதைக்க வேண்டிய ராகி புரட்டாசி வரை தள்ளிப்போய்விடுகிறது. இப்பயிரில் தூர் குறையும். மணி பிடிக்கும் சமயத்தில் மழை நின்று, ஈரம் வற்றி, இலைகள் முன்னதாகவே பழுத்துவிடும். மணிகள் சிறுத்துப் பதராகும்.

வடக்கே கோதுமைக்கும் இதே தொல்லை உண்டு. நெல், பருத்தி அறுவடைக்குப் பின் டிசம்பரில் விதைக்கும் கோதுமை, மணி முற்றும்போது வெப்பத்தில் அகப்பட்டுக்கொள்கிறது. பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர் இப்படிப் பிந்தி விதைத்த கோதுமையில் முருங்கை இலைச்சாற்றைத் தெளித்துப் பார்த்து, 2012-ல் முடிவுகளை வெளியிட்டனர். தூர் கட்டும் பருவம் முதல் கதிர் வரும் பருவம் வரை நான்கு முறை தெளித்ததில் மகசூல் சுமார் 10 சதவீதம் கூடியது. கதிர் வரும்போது ஒரே முறை தெளித்ததிலும் ஓரளவு கூடியது.

காரணம் என்ன? முருங்கை இளந்தளிரில் சியாட்டின் என்ற வளர்ச்சி ஊக்கி உள்ளது. இது இலை பழுப்பதைத் தாமதப்படுத்துகிறது. மேல் இலைகள் சில நாட்கள் கூடுதலாகப் பச்சையாக நின்றால், மணிக்கு அதிக உணவு போய்ச் சேரும்.

சாறு எடுக்கும் முறை எளிது. ஒரு கிலோ இளந்தளிருக்கு 100 மில்லி தண்ணீர் சேர்த்து அரைத்து, துணியில் இருமுறை வடிகட்டவும். 330 மில்லி சாற்றுடன் 10 லிட்டர் தண்ணீர் கலந்து, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் இலைகள் நனையத் தெளிக்கவும். சாற்றை வைத்திருந்தால் வீரியம் குறையும். அன்றன்றே தெளித்துவிட வேண்டும்.

கோதுமையில் கண்ட பலன் ராகியிலும் அப்படியே கிடைக்கும் என்று எண்ணி, முழு வயலிலும் இறங்க வேண்டாம். முதலில் 5 சென்ட்டில் தெளித்துப் பாருங்கள். அதற்கு 10 லிட்டர் கரைசல் போதும். தூர் கட்டும்போது ஒரு முறையும் கதிர் வரும்போது ஒரு முறையும் தெளிக்கலாம். பக்கத்திலேயே 5 சென்ட்டைத் தெளிக்காமல் விடுங்கள். இரண்டையும் தனித்தனியே அறுத்து, அடித்து, எடை போடுங்கள். கூடுதலாகக் கிடைத்த ராகியின் விலை, அரைக்கவும் தெளிக்கவும் ஆன கூலியைத் தாண்டினால் மட்டுமே அடுத்த ஆண்டு பரப்பைக் கூட்டுங்கள்.

தொழு உரத்துக்கும் மண் ஈரத்துக்கும் இந்தச் சாறு ஈடாகாது. குலைநோயையும் இது தடுக்காது. மழை பிந்தினால் குறைந்த வயதுடைய ரகத்தைத் தேர்ந்தெடுப்பதும், நடவு செய்வோர் 20 நாளைத் தாண்டாத நாற்றை நடுவதுமே முதல் வேலை. அவற்றைச் செய்த பிறகு, கொல்லையில் உள்ள முருங்கையின் உதவியையும் நாடலாம்.