எப்பொழுது நகர்வது?

கல்லூரியில் பயிலும் என் பேரன் ஆடும் கணினி ஆட்டமொன்றைப் பலநாள் அருகிருந்து நோக்கினேன். 'டெட் பை டேலைட்' என்பது அதன் பெயர். கனடா நாட்டு நிறுவனமொன்று உருவாக்கிய அது 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கண்ணாமூச்சிதான், ஆனால் தேடுபவன் கொலையாளி. ஒளிபவர் நால்வர், ஐந்து ஜெனரேட்டர்களை அவர்கள் இயக்கினாலன்றி பொதுவாக வெளிவாயிலைத் திறத்தல் இயலாது. ஆகவே பதுங்கியே கிடந்தால் வெற்றியில்லை, நடமாடினாலோ ஆபத்து.

நகரும் வேளையை அறிவிப்பது இதயத் துடிப்பொலி. கொலையாளி பொதுவாக 32 மீட்டருக்குள் வந்ததும் அவ்வொலி எழும். நெருங்க நெருங்க உரக்கும். ஒலியை மறைத்து வருவோரும் உளர்; அங்கே கண்ணே துணை.

பேரன் முதலில் செய்த பிழை யாதெனில், ஒலி உச்சமடையும்வரை வேலையில் ஆழ்ந்திருந்து, பின்னர்த் திடீரென ஓடியதாகும். ஓடுபவன் பின்னே சிவந்த கீறல் தடங்கள் சில நொடிகள் ஒளிரும். அவை தேடுபவன் கண்ணுக்குப் புலப்படும். கொலையாளிகளுட் பலர் நொடிக்கு 4.6 மீட்டர் வருபவர். ஒளிபவர் ஓட்டமோ 4 மீட்டரே. கணக்காசிரியரை நாட வேண்டுவதில்லை! முதல் துடிப்பிலேயே நடந்து விலகுபவனுக்கோ தடமே இல்லை.

இதனைக் கற்றபின் மிகையாகவும் கற்றுவிட்டான். ஒருநாள் தோழனொருவன் கொக்கியில் தொங்கினான். குறித்த நேரத்துள் விடுவிக்க வேண்டும். துடிப்பொலி ஓங்கிப் பின் தணியத் தொடங்கியது. "இப்பொழுது போ" என்றேன். "இன்னும் சற்றுப் பொறுங்கள், தாத்தா" என்றான். ஒலி முற்றும் அடங்கியபின் புறப்பட்டான். அவன் சென்று சேர்வதற்குள் தோழனின் ஆட்டம் முடிந்திருந்தது. அன்றிரவு அவன் சரியாக உண்ணவில்லை.