வண்டி ஏன் நின்றது? நடமாடும் மருத்துவ வண்டியில் பழுது தேடும் விதம்



"நல்ல வண்டிதானே வாங்கிக் கொடுத்தோம், அது ஏன் அடிக்கடி பட்டறையில் நிற்கிறது?" என்று சபைகளுக்கு நாங்கள் வரும்போது பலரும் கேட்கிறீர்கள். கேட்பது நியாயமே. உங்கள் காணிக்கையில் ஓடுகிற வண்டி அது. ஆகையால் அதற்குள் என்ன இருக்கிறது, எது எதனால் நின்றுபோகிறது, நின்றால் எந்த வரிசையில் தேடுகிறோம் என்பதை இந்த இதழில் சற்று விளக்கமாக எழுதுகிறோம். சபைக்கென்று வேன் வைத்திருப்போருக்கும் இதில் பாதிக்கு மேல் பயன்படும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரிலிருந்து பியூஜோ காரில் கிராமங்களுக்குப் புறப்பட்டபோது, வண்டி மருந்துப் பெட்டிகளைச் சுமந்தால் போதுமாயிருந்தது. வைத்தியம் மரத்தடியில் நடந்தது. இன்றைய வண்டி அப்படியல்ல. விளக்கு, மின்விசிறி, தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி, ஈ.சி.ஜி. கருவி, கை கழுவத் தண்ணீர்த் தொட்டி, அதற்கு ஒரு சிறு பம்பு எல்லாம் அதற்குள் உண்டு. மேல்நாட்டார் குடும்பத்தோடு தங்கிப் பயணம் செய்யும் மோட்டார் ஹோம் வண்டியும், நம் நாட்டில் சுற்றுலாவுக்கும் படப்பிடிப்புக்கும் ஓடுகிற கேரவனும் இதே இனத்தைச் சேர்ந்தவைதான். ஒரு வீட்டைத் தூக்கிச் சக்கரத்தின்மேல் வைத்து, குண்டும் குழியுமான பாதையில் நாள்தோறும் குலுக்குகிறோம். வீட்டுச் சுவரில் இருபது வருடம் அசையாமல் இருக்கும் திருகாணி இதில் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். எனவே எங்கள் வண்டியில் பாகங்கள் எரிந்துபோவதைக் காட்டிலும் இணைப்புகள் தளர்ந்துபோவதே அதிகம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும்.

வண்டி ஒரு நாள் போகாவிட்டால் என்ன என்று எண்ணிவிடக் கூடாது. வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு ஒரு மாத மாத்திரைதான் கொடுத்திருப்போம். அது முடிகிற வாரத்தில் வண்டி வரவில்லையென்றால், அடுப்படியிலோ கிணற்றடியிலோ அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும். கூலியை விட்டுவிட்டு வந்து சாலையோரம் காத்திருக்கும் தாய்மார் வெறுங்கையோடு திரும்புவார்கள். தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கவேண்டும். வெப்பம் ஏறினால் கெடும். முத்தடுப்பூசி போன்றவை உறைந்துபோனாலும் கெடும். கெட்டதைப் பார்வையால் கண்டுபிடிப்பது கடினம்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். வண்டியில் மூன்று மின்சாரங்கள் உண்டு. இஞ்சினை ஸ்டார்ட் செய்யும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று. உள்ளே விளக்கையும் குளிர்பெட்டியையும் இன்வெர்ட்டரையும் தாங்கும் வீட்டுப் பேட்டரி இன்னொன்று. மூன்றாவது, ஜெனரேட்டரிலிருந்தோ கிராமத்தில் ஒரு வீட்டிலிருந்தோ வயர் இழுத்து எடுக்கும் 230 வோல்ட். இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவே ஒரு ரிலே இருக்கிறது. இஞ்சின் ஓடும்போது அது இரண்டையும் சேர்த்து சார்ஜ் ஏற்றும். இஞ்சின் நின்றதும் பிரித்துவிடும். பகல் முழுவதும் விளக்கும் விசிறியும் ஓடினாலும் மாலையில் வண்டி ஸ்டார்ட் ஆவது இந்தப் பிரிவினால்தான். ஆகவே எது நின்றாலும் முதல் கேள்வி, "இந்த மூன்றில் எது?" என்பதே. விளக்கு எரியவில்லை என்று ஸ்டார்ட்டர் பேட்டரியை மாற்றுவது, பல்வலிக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வது போலாகும்.

அடுத்து மல்டிமீட்டர். ஜெபம் நடத்தவும் நோயாளிகளோடு பேசவும் வண்டியில் செல்லும் நாங்கள் அதைக் கையில் பிடிப்பதைக் கண்டு சிலர் சிரிப்பதுண்டு. செமினரியில் அது பாடமாக இல்லைதான். ஆனாலும் அரை மணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். சில மணி நேரம் ஓய்வில் இருந்த ஈயப் பேட்டரியில் 12.6, 12.7 வோல்ட் காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலியாகும் நிலை. இஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்டவேண்டும். அப்போதும் 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. குற்றம் பேட்டரியில் அல்ல, ஆல்டர்னேட்டரிலோ, அதைச் சுழற்றும் பெல்ட்டிலோ, வரும் வழியிலோ இருக்கிறது. 15-க்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும்.

எங்களை அதிகம் அலைக்கழிக்கும் பழுது ஒன்றை விரிவாகச் சொல்கிறோம். புதுப் பேட்டரி, மீட்டரில் 12.5 வோல்ட். ஆனால் ஈ.சி.ஜி. கருவியையும் விசிறியையும் போட்டவுடனே இன்வெர்ட்டர் "பேட்டரி காலி" என்று கத்தி நின்றுவிடுகிறது. உடனே "பேட்டரி டூப்ளிகேட்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 வாட் எடுக்க 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் ஓடவேண்டும். வழியில் ஒரு கிளாம்ப் தளர்ந்தோ பூத்தோ 0.08 ஓம் தடை உண்டாகியிருந்தால், 25-ஐ 0.08-ஆல் பெருக்க 2 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகிறது. இன்வெர்ட்டருக்குப் போய்ச் சேருவது 10.5-தான். ஆகையால் அது பேட்டரி காலியென்று நம்புகிறது. கருவிகளை அணைத்துவிட்டு அளந்தால் மின்சாரம் ஓடாததால் இழப்பும் இராது, எங்கும் 12.5 என்றே காட்டும். பழுது ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். எனவே சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கவேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழில் வைத்து, மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வையுங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டிருப்பவை, ஒன்றும் காட்டக் கூடாது. அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் திருடன் அங்கேதான் இருக்கிறான். இப்படியே பியூஸ், சுவிட்ச், வண்டிச் சட்டத்தோடு சேரும் எர்த் வயர் என்று ஒவ்வொரு இணைப்பாக நகர வேண்டும். எர்த் வயரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். துருவும் சேறும் பிடித்த சட்டத்தில் முறுக்கிய அந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே தீர்ந்துபோகும் பழுதுகள் ஏராளம்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் முதலில் நெகடிவ், பிறகு பாசிடிவ் என்ற வரிசையில் கழற்றவேண்டும். பாசிடிவை முதலில் கழற்றினால் ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியின்மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்து, இறுக்கியபின் வாசலீன் பூசவேண்டும். சோடாத் தண்ணீர் பேட்டரியின் உள்ளே போகக் கூடாது. உள்ளே ஊற்றுவது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும்.

சில நேரம் எதுவுமே பழுதாயிராது, சுமைதான் மிஞ்சியிருக்கும். 50 வாட் குளிர்பெட்டி பாதி நேரம் ஓடினால் சராசரி 25 வாட், அதாவது சுமார் 2 ஆம்பியர். ஒரு நாளுக்கு 50 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆக, குளிர்பெட்டி ஒன்றே ஒரு நாள் அளவைத் தின்றுவிடுகிறது. அன்பினால் சிலர் மிக்ஸியும் தொலைக்காட்சிப் பெட்டியும் வண்டிக்கென்று அனுப்புகிறீர்கள். உங்கள் அன்பை மதிக்கிறோம். ஆனாலும் எத்தனை வாட் என்று முதலில் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

230 வோல்ட்டில் பணத்தைவிட உயிரே முக்கியம். மழை நாளில் செருப்பைக் கழற்றிவிட்டு ஈர இரும்புப் படியில் ஏறுகிற பாட்டிக்கு, வண்டியின் உடம்பில் கசிந்த மின்சாரம் போதும். ஆகவே 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுகிற டிரிப் சுவிட்ச் இல்லாமல் நாங்கள் வயர் இழுப்பதில்லை. அது அடிக்கடி விழுந்தால் தொல்லை என்று நேரடி இணைப்புக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது காவல்காரனைக் கட்டிப்போடுவதாகும். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதிலே கசிவு இருக்கிறது.

ஜெனரேட்டரைக் குறித்து இன்னும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்குவதால் வெயிலின் கொடுமை என்று நினைத்துவிடுவோம். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டரும் ஏமாற்றும். அது நல்ல அளவையே காட்டிக்கொண்டிருக்கும். வண்டிக்குள் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலை வலித்து, வெளியே வந்ததும் குறைந்தால், ஜெனரேட்டரை நிறுத்திக் கதவுகளைத் திறந்து எல்லாரும் இறங்கிவிட வேண்டும். தலைவலி குறைந்தாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். எங்கள் ஜெனரேட்டர் வண்டியிலிருந்து 20 அடிக்கு அப்பால், காற்று எதிர்ப்புறம் அடிக்கும் பக்கத்தில்தான் நிற்கும். உள்ளே இந்த வாயுவுக்கான அலாரமும் மாட்டியிருக்கிறோம்.

இஞ்சின் பக்கம் ஓட்டுநர் தம்பிக்கே அதிகம் தெரியும். நாங்கள் கண்டறிந்த சிலவற்றை மட்டும் எழுதுகிறோம். சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று மட்டும் கேட்கிறதா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி திருப்புங்கள். வெளிச்சம் மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல். மங்காமல் அப்படியே இருந்தால் ஸ்டார்ட்டரோ அதற்குப் போகும் வயரோ. ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்து, வெப்ப முள்ளும் ஏறினால் உடனே நிறுத்தவேண்டும். பல இஞ்சின்களில் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுவது ஒரே பெல்ட், அது அறுந்திருக்கும். அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்ப்போம் என்றால் சிலிண்டர் ஹெட் வளைந்துபோகும். ஒரு பெல்ட்டின் விலையோடு போகவேண்டியது பெருஞ்செலவாகும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருப்பதால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி திறந்ததும் முகத்தில் பாயும். அப்படி வெந்துபோனவர்களை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறோம்.

டீசல் வண்டி சில நாள் நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்தால், குழாயில் காற்றோ டீசலில் தண்ணீரோ இருக்கலாம். பில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்து, கைப்பம்பால் அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். புது வகை காமன் ரெயில் இஞ்சினில் இன்ஜெக்டர் பக்கத்துக் குழாய்களைத் தளர்த்தக் கூடாது. அங்குள்ள அழுத்தம் தோலைத் துளைக்கும். டேங்கை நிறைத்து நிறுத்தினால் உள்ளே ஈரம் கோப்பது குறையும். டயரில் பட்டன் நன்றாயிருந்தாலும் வயதைப் பாருங்கள்: பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது.

இப்பொழுது வண்டியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. மல்டிமீட்டர், பலவித ஆம்பியர் பியூஸ்கள், ஒரு ஃபேன் பெல்ட், டீசல் பில்டர், உப்புத்தாள், சமையல் சோடா, வாசலீன் டப்பா, காய்ச்சி வடித்த நீர், நீளமான ஒரு வயர். கூடவே ஒரு நோட்டு. காலையில் புறப்படுமுன் இரண்டு பேட்டரிகளின் வோல்ட்டையும் குளிர்பெட்டியின் வெப்பத்தையும் ஓட்டுநர் தம்பி அதில் எழுதுகிறார். 12.6, 12.6, 12.5, 12.3 என்று நான்கு நாளில் இறங்கினால், ஐந்தாம் நாள் நடுவழியில் நிற்கப்போகிறோம் என்பது முந்தின மாலையே தெரிந்துவிடும். மருத்துவமனைக்கு வரும்போது ஓட்டுநரிடம் கேளுங்கள், அந்த நோட்டைக் காட்டுவார்.