குமாரி இல்லத்தின் முற்றத்தில்

கிழக்கிலங்கை அம்மன் ஆலயச் சடங்குகளில் அடியார்மீது தெய்வம் ஏறி ஆடுவதும் வாக்குச் சொல்வதும் நாம் அறிந்தவையே. கோமாரி முதல் கல்முனை வரையான கரையோரத்தில் அயலவராய் வாழும் முஸ்லிம் மக்களுக்கும் இது புதியதன்று. சற்று நேரத்தில் அந்நிலை தணிந்து, அடியார் மீண்டும் நம்மில் ஒருவராகி விடுவார். ஆனால் நேபாளத் தலைநகர் காத்மண்டுவில் ஒரு சிறுமி ஆண்டுக்கணக்கில் தெய்வமாகவே வாழ்ந்து வருகின்றாள். அவளே குமாரி.

பசந்தபூர் சதுக்கத்திலுள்ள குமாரி இல்லம் 1757இல் ஜயப்பிரகாச மல்ல மன்னனால் கட்டப்பட்டதாகும். செங்கற் சுவர்களும் நுண்ணிய மரச் செதுக்கல் வேலைப்பாடுகளும் கொண்ட அதன் முற்றம் வரை எம்மதத்தவரும் செல்லலாம். மாடத்து யன்னலில் சில கணங்கள் அவள் முகம் தோன்றும். அதனைப் படம்பிடிக்க அனுமதியில்லை.

நேவார் இனத்தின் பௌத்த சாக்கிய குலத்திலிருந்தே குமாரி தெரிவு செய்யப்படுகின்றாள். அவளை இந்துக்கள் தலேஜு தேவியாக வணங்குகின்றனர். இரு சமயத்தாரும் ஒரே குழந்தையின் முன் கைகூப்புவது இம்மரபின் தனிச்சிறப்பு எனலாம். இந்திர ஜாத்திரை விழாவில் அவள் தேரில் பவனி வருவாள். மன்னர்கள் அவளிடம் திலகம் பெற்றனர். 2008இல் முடியாட்சி ஒழிந்த பின் ஜனாதிபதியும் அவளிடம் ஆசி பெறுகின்றார். பூப்பெய்தியதும் தெய்வ நிலை நீங்கி, அவள் பெற்றோரின் வீடு திரும்புவாள். 2025 செப்டெம்பரில் இரண்டரை வயது கடந்த ஒரு குழந்தை புதிய குமாரியாக்கப்பட்டாள்.

இங்கேதான் ஒரு வினா எழுகின்றது. அனைத்தும் அறிந்த தேவிக்குக் கல்வி எதற்கு என்ற நம்பிக்கையால், முற்காலக் குமாரிகள் முறையான படிப்பின்றியே வெளியுலகுக்குத் திரும்பினர். 2005இல் இது தொடர்பாக வழக்குத் தொடரப்பட்டது. 2008இல் நேபாள உயர் நீதிமன்றம், குமாரியின் கல்வி, சுகாதாரம் முதலிய உரிமைகள் மறுக்கப்படலாகாது எனத் தீர்ப்பளித்தது. மரபு தடைசெய்யப்படவில்லை, குழந்தையின் உரிமையும் கைவிடப்படவில்லை. ஆசிரியர் இல்லத்துக்கே வந்து கற்பிக்கும் முறையும், பதவி நீங்கியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவும் இன்று உள்ளன.

1898இல் காஷ்மீரில் சுவாமி விவேகானந்தர் ஒரு முஸ்லிம் படகோட்டியின் சின்னஞ்சிறு மகளை உமாதேவியாகப் பாவித்து வழிபட்டார். குழந்தையிடம் தெய்வத்தைக் காணும் கண்ணுக்குக் குலமோ மதமோ தடையாகவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

அந்த யன்னலின் கீழ் நிற்பவர்களுள் நம்புவோர் வணங்கலாம். வேறு நெறியினர் மரியாதையுடன் பார்த்து விலகலாம். ஆயினும், திலகம் கலைந்த மறுநாள் அவளும் ஒரு சாதாரண மாணவியே. வகுப்பறையில் தன் வயதொத்தோரிடையே அவள் பின்தங்காது அமர வேண்டும் என்பதில் எச்சமயத்தவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.