ஆளியின் நாட்குறிப்பு

ஓர் அலுவலகத்துக் கணினிகள் யாவும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுதற்கு நடுவே நின்று உதவும் கருவியே வலையமைப்பு ஆளி. ஒரு வாயிலால் வந்த செய்தியை உரிய வாயிலுக்கு அனுப்புவது அதன் தொழில். அத்தொழிலினூடே, தன்னிடத்தில் நிகழ்வனவற்றையும் அது குறித்து வைக்கின்றது. வடம் கழன்றது, மின்விசிறி நின்றது, ஒருவர் அமைப்பை மாற்றினார் என்பன போன்றவையே அக்குறிப்புகள். நள்ளிரவில் வலையமைப்பு முடங்கிக் காலையில் தானே இயங்குமாயின், நிகழ்ந்ததைக் கூறும் சாட்சி பெரும்பாலும் இவையேயாம்.

ஆயினும் இச்சாட்சியின் ஞாபகம் மிகக் குறுகியது. சிஸ்கோ நிறுவனத்தின் கற்றலிஸ்ற் ஆளிகள் பலவற்றில் இதற்கென இயல்பாக ஒதுக்கப்படும் நினைவகம் 4096 பைற்றுகளே. அது நிரம்பியதும் பழையன அழிந்து புதியன ஏறும். மின்சாரம் நின்றாலோ அனைத்தும் மறையும். ஆதலின் குறிப்புகளை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்பிவைத்தல் வேண்டும். அம்முறையின் பெயர் சிஸ்லொக். 1980களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் எரிக் ஓல்மன் தமது அஞ்சல் மென்பொருளுக்கென ஆக்கிய இம்முறை, பின்னர் எங்கும் பரவிற்று.

இதனை அமைப்பவர் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, முகவரி. 'லொகிங் ஹோஸ்ற்' என்னும் கட்டளையால், குறிப்புகளைப் பெறும் கணினியின் முகவரியை ஆளிக்கு அறிவித்தல் வேண்டும். வழக்கமான முறையிற் குறிப்புகள் 514 ஆம் துறைக்குச் செல்லும். சேர்ந்ததற்குப் பற்றுச்சீட்டு வராது. எனவே, அவை வந்து சேர்கின்றனவா என்பதைச் சென்று பார்த்தே அறிதல் வேண்டும்.

இரண்டாவது, நிலை. குறிப்புகள் 0 முதல் 7 வரை தரம் பிரிக்கப்பட்டுள்ளன. 0 கருவியே பயன்படாத பேரிடர், 4 எச்சரிக்கை, 7 பழுதாராய்வோருக்குரிய நுண்விபரம். தேர்ந்த எண்ணும் அதற்குக் குறைந்தனவும் மட்டுமே அனுப்பப்படும். 7 எனத் தேர்ந்தால் வேண்டாதவற்றின் வெள்ளத்தில் வேண்டியது மூழ்கும். 4 எனத் தேர்ந்தாலோ, அமைப்பை ஒருவர் மாற்றினார் என்னும் செய்தி வந்து சேராது. சிஸ்கோ ஆளிகளில் அது 5 ஆம் நிலைக்குரியது. இயல்பாக உள்ள 6 ஆம் நிலை பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும்.

மூன்றாவது, கடிகாரம். சிஸ்கோ ஆளிகள் பல, நேரம் அறிவிக்கப்படாவிடின், மின்சாரம் மீண்டதும் 1993 மார்ச் 1 ஆம் திகதியிலிருந்தே காலத்தை எண்ணத் தொடங்கும். நேரம் பிழைத்த குறிப்பை மற்றைய கருவிகளின் குறிப்புகளோடு ஒப்பிடல் இயலாது. ஆகையால் நேரச் சேவையகம் ஒன்றோடு ஆளியை இணைத்தல் இன்றியமையாதது.

இம்மூன்றையும் பழுது நேருமுன்னரே செய்தல் வேண்டும். நேர்ந்தபின் எத்துணை திறமையாளர் வரினும், எழுதப்படாத குறிப்பை வாசித்தல் எவர்க்கும் இயலாது.